மாடியில் கிடந்த புது டயர்

என் நடையைப் பார்க்கிறவர்கள் முதலில் காலைப் பற்றிக் கேட்கிறார்கள். வேன் மரத்தில் மோதியது என்றால், பிரேக் இல்லையா என்கிறார்கள். டயர் வெடித்தது என்றால், "தேஞ்ச டயரா?" என்கிறார்கள். இல்லை, தேயாத டயர், அப்போதுதான் மாட்டிய டயர் என்று சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். நான் தூங்கியிருப்பேன், இல்லாவிட்டால் குடித்திருப்பேன் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு போய்விடுகிறார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பிழை குறைவாக இருந்தால் அது என் அக்காவின் வேலை. அவள் பள்ளிக்கூட டீச்சர்.

நான் ஓரிடத்தில் நிலைத்து இருந்தவன் இல்லை. லாரி கிளீனராக நாக்பூர் வரை போயிருக்கிறேன். பம்பாயில் ஓட்டலில் மாவாட்டினேன். பெங்களூரில் சாயப் பட்டறை. எங்கே போனாலும் கடைசியில் திரும்பி வருவது சாந்தோமில் அக்கா ஆரோக்கியமேரி வீட்டுக்குத்தான். அவளும் எங்கேடா போயிருந்தாய் என்று கேட்காமல் தட்டை வைப்பாள். அப்படி ஒருமுறை வந்தபோது தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

டயருக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த ஒரு சமயத்தில் அண்ணாச்சி யாரையோ பிடித்து இரண்டு புது டயர் வாங்கியிருந்தார். வாங்கியவர் மாட்டவில்லை. கடை மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குள் போட்டு வைத்தார். வாங்கியபோது அவருடைய மூத்த பெண் தொட்டிலில் இருந்தாளாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். டயர்களைச் சுற்றியிருந்த பழுப்புக் காகிதம் மட்டும் பிரியாமல் இருந்தது.

ஜவுளிக்காரர் கணக்கு அது. மடிப்புக் கலையாத புடவை எத்தனை வருஷம் ஆனாலும் புதுப் புடவை. பிரிக்காத பேல் மூட்டை புதுச் சரக்கு. அந்தக் கணக்கை அவர் ரப்பருக்கும் போட்டார். ரப்பர் ஓடினாலும் கிழடாகும், சும்மா கிடந்தாலும் கிழடாகும். தகரத்துக்குக் கீழே சென்னை வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். ஓடுகிற டயராவது தேய்ந்து, தன் வயதைக் காட்டிக்கொடுக்கும். கிடக்கிற டயர் அதைக்கூடச் செய்யாது.

ஆடி மாதம் வேனின் முன் டயர் ஒன்றில் உள்ளே இருக்கிற நூல் தெரிய ஆரம்பித்தது. அண்ணாச்சி மனசே இல்லாமல் மாடியிலிருந்து ஒரு டயரை இறக்கினார். காகிதத்தை அவர் கையாலேயே பிரித்தார். நானும் புதுசு என்றுதான் மாட்டினேன். நீலாங்கரையில் ஒரு கடைக்கு வேட்டி துண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் போனேன். கொட்டிவாக்கத்தில் வெடித்தது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு போனது. சவுக்குத் தோப்பின் முதல் மரம் குறுக்கே வந்தது.

கதவு திறந்து வெளியே விழுந்தேன். இடது தொடையின் நடுவில் இன்னொரு முட்டி முளைத்ததுபோல் கால் மடங்கியிருந்தது. வலி உடனே வரவில்லை. என் முகத்துக்கு நேரே அந்த டயர். ஆள் வரும்வரை வேறு பார்க்க எதுவும் இல்லை, அதையே பார்த்தேன். தரையில் படுகிற பட்டை கன்னங்கரேலென்று புதுசாக இருந்தது. பக்கச் சுவரிலோ கோடை ஏரியின் அடித்தரைபோல் வெடிப்பு. கிழிந்து தொங்கிய ஒரு துண்டைக் கை நீட்டி மடக்கினேன். பழைய ரஸ்க்போல் உடைந்தது. உள்ளே நூல் பொடிப்பொடியாக இருந்தது. அந்த நேரத்தில் அதைப் பார்த்தது நான் ஒருவன்தான். அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் பட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "ஐயோ, புது டயராச்சே!" என்றார்கள்.

பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒரு துடுப்பைக் காலோடு சேர்த்து வலைக் கயிற்றால் கட்டி, மணல் லாரியின் பின்னால் படுக்க வைத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தத் துடுப்பைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சரில் வரிசை. எனக்கு முன்னால் மாடியிலிருந்து விழுந்த கொத்தனார், அவருக்கு முன்னால் மாடு முட்டிய பால்காரர். யாருக்கு எப்படி ஆனது என்று அங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். நான் டயர் என்றதும் பால்காரர், "மாடு எவ்வளவோ தேவலை. வர்றதுக்கு முன்னாடி தலையையாச்சும் ஆட்டும்" என்றார்.

படத்தில் தொடை எலும்பு இரண்டாக ஒடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எனக்கும் காட்டினார். "உன் தொடைச் சதை நல்ல பலம்ப்பா. அதான் தொந்தரவு. ஒடைஞ்ச எலும்பை அது இழுத்து மேல ஏத்திடுச்சு. நாம எதிர்ப்பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கணும்."

அதற்குப் பெயர் டிராக்ஷன். முட்டிக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, அங்கே முன்பக்க எலும்பில் குறுக்கே துளைத்து ஒரு கம்பியைச் செருகினார்கள். கிணற்று வாளிக் கயிறுபோல் ஒரு கயிற்றைக் கம்பியில் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருக்கிற கப்பி மேல் விட்டு, நுனியில் எடை தொங்கவிட்டார்கள். எடையோடு நாமும் சறுக்கிப் போகாமல் இருக்கக் கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டை வைத்து உயர்த்திவிட்டார்கள். தலை கீழே, கால் மேலே. சாப்பாடு, பேச்சு, தூக்கம், மலஜலம், எல்லாம் அந்தச் சாய்வில்தான். எலும்பு கூடுகிறவரை அப்படியே கிடக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஓரிடத்தில் நிற்காதவனைக் கப்பியில் கட்டிப் போட்டது ஆண்டவருக்கே வேடிக்கையாக இருந்திருக்கும்.

அக்கா பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வருவாள். பிளாஸ்கில் ரசம், டிபன் கேரியரில் குழைந்த சோறு. சாய்வில் படுத்துக்கொண்டு விழுங்கினால் புரையேறும் என்பதால் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டுவாள். முதுகில் புண் வராமல் இருக்க ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவாள். என் கால் எனக்கே எட்டாத தூரத்தில் இருந்ததால் கால் நகமும் அவளே வெட்டினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் திருத்துவாள். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம், "டீச்சரம்மா, பாவம், பாஸ் போட்ருங்க" என்று சிபாரிசு செய்வார்கள்.

முதல் வாரத்தில் அண்ணாச்சி ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு வந்தார். தலையைத் தடவிக்கொடுத்தார். கண்ணில் நீர் நின்றது. அடுத்து அவர் வாயைத் திறந்தார்.

"ஏலே லூர்து, காலு சரியாயிரும். டாக்டர்ட்ட பேசிட்டேன். ஆனா அந்த டயரு… காயிதம் பிரிக்காம வச்சிருந்தேன்லா!"

"அண்ணாச்சி, அது இத்துப்போன டயர்."

"என்னத்தல இத்துப்போச்சு? பட்டை ஒரு நூல் தேயல. நான் பாத்தேன்லா."

"பட்டையைப் பாத்தீங்க. பக்கச் சுவர் பூரா வெடிப்பு. கையில எடுத்தா உதிருது."

"மரத்துல மோதுனா வெடிக்காம என்ன செய்யும்? காத்து சாஸ்தியா அடிச்சிருப்பே. விடு, போனது போகட்டும். நல்ல வேளை, சோடி டயரு பத்திரமா இருக்கு. ஒர்க்‌ஷாப்புல இருந்து வண்டி வந்ததும் அதை மாட்டிரணும். தீபாவளிச் சரக்கு வர ஆரம்பிச்சிரும்லா."

அந்தச் சோடியும் அதே நாள் வாங்கியது, அதே தகரத்தின் கீழே கிடந்தது. "யார் ஓட்டப் போறா?" என்று கேட்டேன்.

"ஒன் கூட்டாளிதாம்லே. கபாலி."

கபாலி நொச்சிக்குப்பத்துக்காரன். சின்ன வயதில் என்னோடு கடலில் குதித்தவன். மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கல்யாணமாகி, பெண்சாதி முழுகாமல் இருந்தாள். ஜவுளிக்கடை வேலை என்றதும் நாற்றமில்லாத வேலை என்று ஓடி வந்துவிட்டான். அன்றிலிருந்து என் கால் எனக்கு இரண்டாம் கவலையாகிவிட்டது. கட்டிலில் கட்டுண்டு கிடக்கிறவன் ஒரு டயரை எப்படித் தடுப்பது?

கபாலி வந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவன் சாத்துக்குடியை உரித்துத் தின்றுகொண்டே கேட்டான்.

"இன்னா நைனா நீ, பாக்க வந்தவனாண்ட கூட டயரு டயருன்னு சொல்லிக்கினு கீற? புச்சு டயரு. நானே பாத்தேன். காயிதங்கூட பிரிக்கல."

"பக்கச் சுவத்தை நகத்தால அழுத்திக் கீறிப் பாருடா. ரெண்டு கையால மடக்கிப் பாரு."

"காயிதத்துக்குள்ள கீற டயர எப்டி மட்க்கறது? நீ சும்மா படு. ஒனுக்கு பயம் புட்ச்சிக்கிச்சி. அதான்."

பெரிய டாக்டரிடம் கேட்டேன். அண்ணாச்சி உங்கள் பேச்சைக் கேட்பார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நான் எலும்பு டாக்டர்ப்பா. டயருக்கு என்னைக் கூப்பிடாதே."

இதற்கு நடுவில் கம்பி நுழைந்த இடத்தில் சீழ் வைத்தது. காய்ச்சல் ஏறியது. சீழ் தோலோடு நின்றால் பயமில்லை, எலும்புக்குள் போனால் காலுக்கே ஆபத்து என்றார்கள். பென்சிலின் ஊசி விடாமல் போட்டார்கள். ஊசி போட இடம் இல்லாமல் இடுப்பு வீங்கிப்போனது. கம்பியைப் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் துளைக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர்கள் என் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் ஆணி அடிக்கிற சைகை புரிந்தது. அந்த நாட்கள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. "கபாலி, எறங்குடா" என்று கத்திக்கொண்டே இருந்தேனாம். வார்டில் எல்லோருக்கும் கபாலி பெயர் பாடமாகிவிட்டது. அக்கா லீவு போட்டுவிட்டு ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சரிடா, அந்த டயரைப் பத்தி நான் பேசறேன்."

பேசினாள். அடுத்த முறை அண்ணாச்சி வந்தபோது டீச்சர் குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, என் கல்யாணப் பட்டுப் புடவையை அதுக்கப்புறம் கட்டாம பெட்டியிலயே வெச்சிருந்தேன். போன வருஷம் பிரிச்சா மடிச்ச எடமெல்லாம் விட்டுப்போச்சு. சும்மா இருந்தா பட்டே வீணாகுதே, ரப்பர் ஆகாதா?"

அண்ணாச்சி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"சரியாச் சொன்னிய டீச்சர். பட்டை ஒரே மடிப்புல வைக்கப்படாது. அப்பப்ப மடிப்பை மாத்தி வைக்கணும்."

"அதான் நானும் சொல்றேன்."

"நானும் அதாம்மா செஞ்சேன்! மாசம் ஒருக்கா மாடிக்குப் போயி டயரைத் திருப்பித் திருப்பி வச்சேன்லா. ஒரு பக்கமா வெயில் படப்படாதுன்னு. அதான் அது இன்னும் புதுசு மாதிரி கெடக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கப்பியைப் பார்த்தேன். ஒரு பக்கம் காய்ந்தால் போதாதென்று இரண்டு பக்கமும் காய வைத்திருக்கிறார் மனிதர்.

ஆயுத பூஜை வந்தது. கபாலி நெற்றியில் சந்தனமும் கையில் பொரிகடலைப் பொட்டலமுமாக வந்தான். நல்ல நாளில்தான் மாட்ட வேண்டும் என்று அண்ணாச்சி காத்திருந்து, பூஜையன்று முன் சக்கரத்தில் அந்தச் சோடி டயரை மாட்டச் சொல்லியிருக்கிறார். கபாலி அதற்குக் கறுப்புப் பாலீஷ் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரமும் காட்டியாகிவிட்டது.

"நகத்தால கீறிப் பாத்தியா?"

"கீறுனா பாலீஷ் பூடும்பா."

பொரியைத் தின்றேன். தீபாவளிச் சரக்கு ரயிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை நடை என்று கபாலி பெருமையாகச் சொல்வான். ஆஸ்பத்திரிக்கு வெளியே எந்த வண்டி சத்தம் போட்டாலும் நான் அவன் பெயரைச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். கோயிலுக்கு ஒழுங்காகப் போகாதவன் நான். அந்த ஐப்பசியில் நான் சொன்ன ஜெபம் என் ஆயுசுக்கும் போதும்.

படம் எடுத்துப் பார்த்து, ஒடிந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு மேகமூட்டம்போல் கட்டியிருக்கிறது என்றார்கள். கம்பியை உருவினார்கள். உட்கார வைத்ததும் வார்டு சுற்றியது. கக்கத்துக் கட்டைகளோடு நிற்க வைத்தபோது என் சொந்த முட்டி மடங்க மறுத்தது. ஒரு கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும், செருப்பில் அட்டை வைத்துக்கொள் என்று பெரிய டாக்டர் சொன்னார். சரி என்றேன். குட்டையாக இருந்தாலும் கால். அதைப் பற்றி நான் புலம்பப் போவதில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் அண்ணாச்சியே வந்தார். வியாபாரம் தலைக்கு மேலே கிடக்கும் தீபாவளி வாரத்தில் கடையை விட்டுவிட்டு வந்தார். எனக்கு ஒரு புது வேட்டி சட்டை. "வண்டியக் கொண்டாந்திருக்கேன்லே. ஒன்னை வீட்டுல எறக்கிட்டுத்தான் சரக்கு" என்றார்.

வாசலில் அதே வேன். கூரை வரை பேல்கள். கபாலி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். முன் சக்கரத்தில் பாலீஷ் மின்னியது.

"நான் ஏறமாட்டேன்" என்றேன்.

"ஏறுடா, மாதா காப்பாத்துவாங்க" என்றாள் அக்கா. களைத்துப்போயிருந்தாள், பாவம்.

"மாதா காப்பாத்துவாங்க. தெனம் நாலு நடை போறவனை எத்தனை நடைக்குக் காப்பாத்துவாங்க?"

"நைனா, பேஜார் பண்ணாதே. ஜனம் பாக்குது" என்றான் கபாலி.

நான் கட்டைகளை வேனில் சாய்த்துவிட்டு, மடங்காத காலை நீட்டிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்தேன். சக்கரம் மறுபடியும் என் முகத்துக்கு நேரே. வால்வு மூடியைத் திருகினேன். ஒரு குச்சியால் உள்ளே இருக்கிற ஊசியை அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. "ஏல, ஏல!" என்று அண்ணாச்சி ஓடிவந்தார். என் காலைப் பார்த்துவிட்டு என்னைத் தொடத் தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் எனக்குப் போதுமாக இருந்தது.

பேல்களின் பாரத்தில் டயர் மெதுவாக அமுங்கியது. பக்கச் சுவர் மடிந்தது. மடிந்த இடத்தில் பாலீஷ் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. அதன் கீழே வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. ஒரு வெடிப்பில் என் விரல் நுனி போனது. வெள்ளையாக நூல் தெரிந்தது.

அண்ணாச்சி குனிந்தார். துணியின் தரம் பார்க்கிறவர்போல் உதிர்ந்த ஒரு துணுக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். அது கறுப்புப் பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டது.

"சரி. உள்ள ஒரு பட்டை வச்சு ஒட்டுனா தீபாவளி வரைக்கும் தாங்கும்லா?" என்றார்.

பேல் கட்டுகளை அறுக்கிற கத்தி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். அதை எடுத்துக் கொடு என்று அக்காவிடம் கேட்டேன். டீச்சர், ஒழுக்கமானவள், பிறர் பொருளைத் தொடாதவள், மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். பக்கச் சுவரில் செருகி இழுத்தேன். வறட்டியை அறுப்பதுபோல் கரகரவென்று போனது. எந்தப் பட்டை வைத்தாலும் சேராத நீளத்துக்கு அறுத்தேன்.

"பாவி, புது டயரை அறுத்துப்புட்டானே!" என்று அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். கூடியிருந்த கூட்டமும், "புது டயராமே" என்று உச்சுக் கொட்டியது.

கபாலி மட்டும் அறுபட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேனைச் சுற்றிப் போய், மற்ற சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் குந்தி, கட்டை விரல் நகத்தால் அழுத்திக் கீறிப் பார்த்தான். பின்பக்கத்தில் ஒன்றிடம் ரொம்ப நேரம் இருந்தான்.

"அண்ணாச்சி, இதுலயும் வெடிப்பு கீது."

"அது மேல புதுப் பட்டை ஒட்டி ரீட்ரெட் போட்டதுலே, ஒண்ணும் ஆவாது. ஸ்டெப்னிய முன்னால மாட்டு. சரக்கு எறக்கணும். தீபாவளி முடியட்டும், எல்லாத்தையும் மாத்திருவோம்."

கபாலி எழுந்தான். கையை லுங்கியில் துடைத்தான். சாவியை எடுத்து அண்ணாச்சியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

"இந்தா. டயரு மாத்துனா நான் வர்றேன். இல்லாங்காட்டி நீயே ஓட்டிக்கினு போ நைனா."

அண்ணாச்சிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவியோடு ஓட்டுநர் சீட்டைப் பார்த்தார். கூரை வரை ஏறி நின்ற பேல்களைப் பார்த்தார். தன் விரலில் ஒட்டியிருந்த கறுப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டு, டயர்க் கடை எந்தப் பக்கம் என்று கூட்டத்தில் ஒருவரிடம் கேட்க ஆரம்பித்தார்.

கபாலி என்னைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கட்டைகளை எடுத்துக் கொடுத்தான். அக்கா என் துணி மூட்டையைத் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியுமாடா?"

"முடியும்" என்றேன்.